டிராலியைக் கிளப்ப எத்தனை பேர்?

எனக்கு எண்ணத் தெரியாது என்கிற உண்மையை என் மாமனார் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொண்டுவிட்டார். வேறு யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. நானே அவரை வரவழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையில் இளநீரும் கொடுத்துக் காட்டினேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். தூத்துக்குடியில் உப்பு மூட்டைகளைச் சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் நான் மெக்கானிக். (மெக்கானிக் என்பது நான் சொல்லிக்கொண்டது. பேரேட்டில் ‘தற்காலிக ஆள்’ என்றுதான் இருந்தது.) கிட்டங்கியிலிருந்து தோணித்துறை வரை தண்டவாளம் உண்டு. அதில் ஓடும் டிராலியில் உப்பு மூட்டைகளை ஏற்றி ஆட்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். துறைமுனையில் ஒரு கரண்டு மோட்டாரை வைத்து, இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுத்தால் தள்ளவே வேண்டாமே என்று ஒருநாள் நான் வாயைக் கொடுத்தேன்.

“ஏலே, அது இழுத்துட்டா ஒன் வேலை நிரந்தரம். இழுக்கலேன்னா நீ பழைய சைக்கிள் கடைக்கே போயிரு” என்றார் முதலாளி அண்ணாச்சி.

நிரந்தரம் என்ற சொல் எனக்கு வேறொரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. ஆலந்தலையில் ரோசம்மாவைப் பெண் கேட்டிருந்தோம். அவளுடைய அப்பா பிலிப்பு, தோணியோட்டி. “வேல நிலைக்கட்டும், பெறவு பாப்போம்” என்று பேச்சை நிறுத்திவைத்திருந்தார்.

எவ்வளவு பெரிய மோட்டார் வாங்குவது? குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது, அளந்து சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. டிராலி ஆட்களின் தலைவர் சூசையிடம் போனேன்.

“அண்ணே, டிராலிய எத்தன பேரு தள்ளுதிய?”

“நாலு பேரு, தம்பி.”

மூட்டை ஏற்றிய டிராலியின் முன்னால் கயிறு கட்டி, நடுவில் ஒரு வில் தராசை மாட்டி, அந்த நாலு பேரையும் இழுக்கச் சொன்னேன். டிராலி உருண்டது. நான் தராசு முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே நடந்தேன். முள் சாதுவாக ஓரிடத்தில் நின்றது. அதை நோட்டில் எழுதி, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டிப் போட்டு, மோட்டாரின் அளவைச் சொல்லிவிட்டேன்.

வெள்ளோட்டத்தன்று பிலிப்பு முன்வரிசையில். டிராலி நிறைய மூட்டை. நான் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்து, “யாரும் கோட்டத் தாண்டப்பிடாது, டிராலியத் தொடப்பிடாது” என்று அறிவித்துவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

மோட்டார் ‘உம்ம்ம்’ என்றது. கயிறு விறைத்தது. டிராலி அசையவில்லை. பியூஸ் போயிற்று. புதுக் கம்பி மாட்டினேன், மறுபடியும் ‘உம்ம்ம்’, மறுபடியும் பியூஸ். டீ விற்கிறவர் பொறுக்காமல் டிராலியின் பின்னால் போய்க் கை வைத்தார். நான் கத்தி அவரை விரட்டினேன்.

பிலிப்பு இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். கோபமாக இல்லை. வலை ஏன் கிழிந்தது என்று பார்க்கிறவர் போல டிராலியைச் சுற்றி வந்தார்.

“சூச, இத எத்தன பேரு தள்ளுதிய?”

“நாலு பேரு.”

“நின்னுகிட்டு இருக்கயில, கெளப்புததுக்கு?”

“அதுக்கா? அதுக்கு அங்கன இங்கன நிக்கவுக எல்லாரும் வந்து கை வைப்பாவ. அத யாரு எண்ணுவா? இந்தத் தம்பியே தெனமும் வைப்பாரே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். தினமும் காலையில் சூசை குரல் கொடுத்ததும் நானும் போய்த் தோள் கொடுத்திருக்கிறேன். கரையில் கிடக்கும் வள்ளத்தைக் கடலில் இறக்க, போகிற வருகிறவனெல்லாம் கை வைக்கும் ஊரில் பிறந்தவன் நான். அதை வேலை என்று எவனும் எண்ணியதில்லை, நானும் எண்ணவில்லை. அளந்த அன்றும் நான் முன்னால் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் பாதிக் கிட்டங்கி தள்ளியிருக்கிறது.

“அப்ப கை வைங்க” என்றார் பிலிப்பு. நான் தடுப்பதற்குள் அண்ணாச்சி உட்பட எல்லாரும் கை வைத்தார்கள். சூசை குரல் கொடுத்தார். நான் சுவிட்சைப் போட்டேன்.

டிராலி கிளம்பியது. கை வைத்தவர்கள் கையை எடுத்தார்கள். துறைப்பக்கம் லேசான சரிவு. டிராலி கயிற்றை முந்திக்கொண்டு ஓடியது. இத்தனை நாளும் பிரேக்காக இருந்ததும் அந்த நாலு பேர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. முனையிலிருந்த தடுப்புக்கட்டையில் டிராலி மோதி நின்றது. மூட்டைகள் நிற்கவில்லை. கடல் கொடுத்த உப்பைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்த ஒரே மெக்கானிக் நான்தான்.

அண்ணாச்சி துறைமுனைக்குப் போய், தண்ணீரில் விழுந்த மூட்டைகளை விரல்விட்டு எண்ணினார். வேலை போயிற்று, பெண்ணும் போயிற்று என்று நான் நிற்க, பிலிப்பு மெல்ல, “அந்தத் தராசு எங்கன இருக்கு?” என்று கேட்டார்.

அவமானத்தையும் மீறி எனக்கும் அதே ஆசைதான். மிச்ச மூட்டைகளோடு புதிதாகவும் ஏற்றி டிராலியைக் கிட்டங்கி வாசலில் நிறுத்தினோம். பின்னால் ஒரு கைகூட இல்லாமல், எல்லாரும் முன்கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். முள் ஏறிக்கொண்டே போனது. உருளும்போது காட்டியதைப் போல மூன்று மடங்கைத் தாண்டிய பிறகுதான் சக்கரம் அசைந்தது. அசைந்த மறுநிமிஷம் முள் சாதுவாக இறங்கிவிட்டது.

“அப்ப மோட்டார் மேல தப்பில்ல” என்றார் அண்ணாச்சி.

“இல்ல, அண்ணாச்சி.”

“ஒம்மேலதான்.”

“ஆமா, அண்ணாச்சி.”

பல்சக்கரத்தை மாற்றி, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டினேன். பிரேக்கும் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து அதே மோட்டார் தானே டிராலியைக் கிளப்பியது. பேரேட்டில் என் பெயருக்கு முன்னால் இருந்த ‘தற்காலிக’த்தை அண்ணாச்சி அடித்துவிட்டார். செய்தி ஆலந்தலைக்குப் போனதும் பிலிப்பு சொன்னாராம்: “எண்ணத் தெரியாட்டா பரவால்ல. எம் மவளுக்குத் தெரியும்.”

அது நன்றாகவே தெரியும். போன வாரம் பீரோவை அடுத்த அறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. பையன்களைப் பார்த்து, “மூணு பேர் போதும்டா” என்றேன். அடுப்படியிலிருந்து ரோசம்மா கேட்டாள்:

“நிக்கிற பீரோவுக்கா, நகருத பீரோவுக்கா?”