பூட்டுப் போட்ட போலி

"முகவரிக்குப் பக்கத்துல பூட்டுப் படம் இருந்துச்சே சார்!" என்றார் கணக்காளர் அம்மா, அழாத குறையாக.

"திருடன் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?"

கணினிப் பாதுகாப்பு அதிகாரி மேசையில் ஓங்கி அடித்தார். அலுவலகம் அவருக்கு வைத்திருந்த பெயர் குக்கர். அன்றைய முதல் விசில் வந்துவிட்டது.

அலுவலகத்தின் இணையதளத்தைப் போலவே யாரோ ஒரு போலித் தளம் கட்டியிருந்தார்கள். தளம் யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழைத் திறந்து பார்த்தாலும் அச்சு அசலாக நிறுவனத்தின் பெயர்தான். ஆனால் அதிலிருந்த ஆங்கில 'ஏ' மட்டும் அதே உருவம் கொண்ட வேறொரு மொழியின் எழுத்து. பெற்றவளே குழம்பிப்போகும் இரட்டைப் பிள்ளைகள். கணக்காளர் பாஸ்வேர்டைப் போடுவதற்குள் குக்கர் பாய்ந்து தடுத்திருந்தார்.

"ஒருத்தர் பாஸ்வேர்டு போனாலும் உங்க வேலை போச்சு," என்று குக்கரிடம் சொல்லிவிட்டுப் போனார் மேலாளர்.

குக்கர் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் மின்னஞ்சல் தட்டினார்: 'கீழே உள்ள முகவரியைத் தொடாதீர்கள்.'

பாதி அலுவலகம் தொட்டது.

"தொடாதேன்னுதானேய்யா போட்டிருந்தேன்!"

"எதைத் தொடக் கூடாதுன்னு பார்க்கத்தான் சார் தொட்டோம்," என்றார் கிடங்குக்காரர். "பாஸ்வேர்டு எல்லாம் போடல."

சரி, கண்ணால் பார்த்தால்தான் இதுகளுக்குப் புரியும் என்று இரண்டு பெயர்களையும் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். கூட்டம் கூடியது.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? இதோ பாரு, இதுதான்..."

நீட்டிய விரல் அந்தரத்தில் நின்றது. இடது பக்கம் இருப்பது போலியா, வலது பக்கமா? யாரோ சிரித்தார்கள். தாளைப் பிய்த்துக் கசக்கி எறிந்தார்.

"போதும்! எல்லாரும் இப்பவே பாஸ்வேர்டை மாத்துங்க. முகவரி நானே அனுப்புறேன்!"

அனுப்பினார். விசைப்பலகைகள் சடசடத்தன. கோபம் சற்றே இறங்கிய பிறகுதான், தான் அனுப்பிய முகவரியின் சான்றிதழைத் திறந்து ஒவ்வொரு எழுத்தின் குறியீட்டு எண்ணையும் சரிபார்த்தார். இரண்டில் அவர் நகலெடுத்து அனுப்பியது போலியை.

"எல்லாரும்... போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு சார்!" என்றது அலுவலகம் ஒரே குரலில். இத்தனை வருடத்தில் அவர் சொன்னதை அவர்கள் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றுதான்.

"போச்சு! சந்தேகம்னு ஒண்ணு ஒருத்தருக்காவது வந்துச்சா? உங்களை எல்லாம் வச்சுக்கிட்டு..."

வரவேற்பில் இருக்கும் பெண் தண்ணீர்க் குவளையை அவர் முன்னால் வைத்தாள்.

"பதறாதீங்க சார். சந்தேகமாத்தான் இருந்துச்சு. அதான் யாரும் எங்களோடதைப் போடல. தினமும் சத்தமா சொல்லிக்கிட்டே அடிப்பீங்களே, உங்க பாஸ்வேர்டு, எல்லாரும் அதைத்தான் போட்டோம்."