அடுத்த மாதம் வரப்போகிற போன்

மனைவிக்கு ஒரு போன் வாங்கி வர வேண்டும். புதன்கிழமை எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான். அதற்காக ஆபீஸில் அரை நாள் லீவு போட்டிருந்தேன்.

வசந்தா காட்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். தினமும் காலை ஒன்பதரைக்குள் பிள்ளைகளின் வருகையைப் போனில் பதிந்து அனுப்பியாக வேண்டும். அவள் போனில் திரையின் மேல் பாதி, தொட்டால் அசையாது. அனுப்புகிற பட்டன் அங்கேதான் இருக்கிறது. நான்கு மாதமாக மேரி டீச்சரின் போனைக் கடன் வாங்கித்தான் அவள் வகுப்பு பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தது.

நான்கு மாதமாக நான் போன் வாங்காததற்குக் காரணம் ஓர் இணையதளம். இன்னும் வெளிவராத போன், டிவி, வாட்ச் பற்றி மட்டும் செய்தி போடுவார்கள். எந்தக் கம்பெனி எதை எப்போது விடப்போகிறது, எத்தனை கேமரா, எவ்வளவு பெரிய பேட்டரி என்று. ஐம்பத்தாறு வயதில் உனக்கு இது எதற்கு என்று என்னையே பல முறை கேட்டிருக்கிறேன். பதில் தோன்றுவதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும்.

வசந்தா கேட்ட மாடலுக்கு அடுத்த மாடல் 'அடுத்த மாதம்' வருகிறது என்று போட்டிருந்தார்கள். காத்திருந்தேன். அடுத்த மாதமும் அதையேதான் போட்டிருந்தார்கள்.

காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வசந்தா சொன்னாள். "மேரி டீச்சர் நாளையிலேருந்து லீவுங்க. மக பிரசவத்துக்குப் போறாங்க. இன்னிக்கு வாங்கிடுங்க. பன்னெண்டு மணிக்கு ராகுகாலம், அதுக்குள்ள பில் போட்டுடுங்க."

"சரி."

"அந்த வெப்சைட்டைப் பாக்காதீங்க."

"பாக்கலை."

ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிய பஸ் காவிரிப் பாலம் ஏறுவதற்குள் பார்த்துவிட்டேன். 'அடுத்த மாதம்' என்றுதான் இருந்தது.

தில்லைநகரில் கடை. கவுண்டரில் இருந்த பெண் போனை எடுத்து வைத்தாள். "இந்த மாடல்ல இதான் சார் கடைசி பீஸ். பில் போட்டுடலாங்களா?"

மணி பதினொன்று. சரி என்று சொல்லியிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"இதுக்கு அடுத்தது அடுத்த மாசம் வருதில்ல?"

"எங்களுக்கு எதுவும் சொல்லலைங்களே சார்."

பக்கத்தில் ஒருவர், காலேஜில் சேரப்போகும் மகளுக்குப் போன் வாங்க மணப்பாறையிலிருந்து வந்தவர், என் பக்கம் திரும்பினார். "புதுசு வருதுங்களா சார்?"

என் வீட்டில் யாரும் என் பேச்சை அப்படி ஒரு முகத்தோடு கேட்டதில்லை. ஆரம்பித்துவிட்டேன். பேட்டரி ரெண்டு நாள் நிக்கும், சூடாகாது, இருட்டில் எடுத்தாலும் படம் தெளிவாக விழும். இன்னும் நாலு பேர் கூடினார்கள். மிக்ஸி வாங்க வந்த ஓர் அம்மா, "மிக்ஸியும் புதுசா வருதுங்களா?" என்றார். பார்த்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

கடைக்காரர் எழுந்து வந்தார். "சார் கம்பெனியிலேருந்து வர்றீங்களா?"

"இல்லைங்க. படிச்சேன்."

"எங்க, காட்டுங்க."

என் போனை வாங்கிச் சத்தமாகவே படித்தார். "வரலாம். வரக்கூடும். விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். யாருங்க சார் இந்த விவரம் தெரிஞ்சவங்க?"

நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை.

மணப்பாறைக்காரர் யோசித்தார். "சார், நீங்க இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

"போன் வாங்க."

"எந்தப் போனு?"

"இதேதான்."

அவர் மகளிடம் சொன்னார். "இவ்வளவு தெரிஞ்சவரே இதைத்தாம்மா வாங்க வந்திருக்காரு. எடுத்துக்க."

கடைசி பீஸ் மணப்பாறைக்குப் போனது.

கடைக்காரர் நல்ல மனிதர். "எங்க உறையூர் கடையில ஒன்னு இருக்கு. வரவழைச்சுடறேன். வந்து சேர பன்னெண்டேகால் ஆகும்."

"ராகுகாலமாச்சே."

"ஒன்றரைக்கு மேல பில் போட்டுக்கலாம். உக்காருங்க சார். யார்கிட்டயும் பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தேன். யாரிடமும் பேசவில்லை. ஒன்றரை மணி நேரம் சும்மா இருக்கிறவன் கையில் போன் இருந்தால் என்ன செய்வான்? புதுச் செய்தி ஒன்று வந்திருந்தது. 'வெளியீடு முன்கூட்டியே, அடுத்த வாரமே நடக்கலாம்.'

மூன்று முறை படித்தேன். நான்கு மாதம் பொறுத்தவன் ஒரு வாரம் பொறுக்க மாட்டேனா? ஒன்றரை மணிக்கு உறையூரிலிருந்து வந்த பெட்டி என் முன்னால் இருந்தது. "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்றேன். கடைக்காரர் எழுந்து வந்தார். கதவை அவரே திறந்துவிட்டார்.

சாயங்காலம் வசந்தா வந்து என் வெறுங்கையைப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"உங்க போனைக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். தோட்டைக் கழற்றி அதன் தண்டால் என் சிம் கார்டைக் குத்தி எடுத்தாள். தன்னுடையதை அதில் போட்டாள். என்னுடையதைத் தன் பழைய போனில் போட்டு என் கையில் வைத்தாள். மறுநாள் ஒன்பது இருபதுக்கெல்லாம் மூன்றாம் வகுப்பின் வருகை போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று ராத்திரி, "நாளைக்கு முதல் வேலையா போய் உனக்கு ஒன்னு வாங்கிடறேன்" என்றேன்.

"எதுக்குங்க அவசரப்படணும்? பழசை வாங்கி ஏமாந்துடாதீங்க. புதுசு வரட்டும்."

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. நானே போய் வாங்கியிருக்கலாம். வாங்கிய மறுநாள் அது உண்மையாகவே வந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் தயக்கம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வசந்தா, இப்போது தன்னுடையதாகிவிட்ட என் போனில் அந்தத் தளத்தைத் திறந்து எனக்குச் செய்தி வாசிக்கிறாள்.

"அடுத்த மாசமாம்" என்கிறாள், மிகுந்த திருப்தியோடு.