சாரமாவின் அசல் தீவுக்காரர்

பால்டிக் கடலின் சாரமா தீவில் சீல் என்னும் கடல்நாய்களைத் தவிர இன்னொரு இனமும் கூட்டங்கூட்டமாக வாழ்கிறது. பெயர், அசல் தீவுக்காரர். நல்ல மாதிரி வேண்டுமா? எவால்த்தைப் பாருங்கள். டேனிஷ்காரன் வந்தான், போனான். ஸ்வீடன்காரன் வந்தான், போனான். ஜெர்மானியனும் ரஷ்யனும் வந்து போனார்கள், நாங்கள் மட்டும் அசையவில்லை என்று, புகையில் வாட்டிய மீனைக் கடித்துக்கொண்டே எண்ணூறு வருட வரலாற்றை ஒப்பிப்பார். வந்தவன் ஒவ்வொருவனுக்கும் தம் முன்னோர் முதுகு வளைத்ததும், குடும்பப் பெயரே ஜெர்மன் பண்ணையார் போட்டது என்பதும் அதில் வராது. அடிமைப்பட்டதிலும் சீனியாரிட்டி.

ஆதாரம் கேட்டால் கொட்டகைச் சுவரிலுள்ள துருப்பிடித்த இரும்பு வளையத்தைக் காட்டுவார். கொள்ளுத்தாத்தா படகு கட்டிய வளையமாம்.

ஒரு வசந்தத்தில் அவரிடம் மாட்டிக்கொண்டவள் மாரெத். கடலுக்கு அக்கரைப் பெருநிலத்தில் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு, முப்பத்தொரு வருடமாக மீன் பிடிப்பவள். கணவன் இறந்ததும், அவன் படகை இழுத்து ஏற்றிவந்த கரையோரத் துண்டு நிலம் ஊருக்குத் திரும்பிவிட்டது. ஊர்க்கூட்டம் அதை அவளுக்குத் தராவிட்டால் படகை விற்க வேண்டியதுதான்.

கூட்டத்தில் எவால்த் எழுந்தார். "அந்தக் கரை எங்க முன்னோர் மண்ணு. நேத்து வந்தவங்களுக்கு எப்படிக் கொடுக்கிறது?"

மாரெத் நிதானமாகக் கேட்டாள். "உங்க கொள்ளுத்தாத்தா கொட்டகைச் சுவத்துலதானே படகு கட்டினாரு?"

"ஊருக்கே தெரியும்."

"இப்போ அங்கேயிருந்து கடல் எவ்வளவு தூரம்?"

பின்வரிசையில் யாரோ முந்நூறு அடி என்றார்கள். பனியுகத்தின் பனிப்பாளங்கள் உருகிப் பாரம் இறங்கிய நாளிலிருந்து தீவு இம்மியிம்மியாகக் கடலைவிட்டு மேலெழுகிறது, கடல் பின்வாங்குகிறது என்பது அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அசல் தீவுக்காரர்தான் காலடியைப் பார்ப்பதில்லை.

"நான் கேக்கிற இடத்துல, கல்யாணமாகி வந்தப்போ கணுக்கால் தண்ணி. உங்க முன்னோர் யாரும் அந்த மண்ணை மிதிச்சதில்ல, எவால்த். அதைவிட நான் மூத்தவ."

சிரிப்பு அடங்குமுன் கைகள் உயர்ந்தன. கடைசியாக, எவால்த்தின் மனைவியுடைய கையும்.

நியாயம் வென்றது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். மறுவருடம் பெருநிலத்திலிருந்து வந்த இளம் தம்பதி அதே கரையில் இடம் கேட்டார்கள். முதலில் எழுந்தவள் மாரெத்.

"நீங்க தீவுக்கு வந்து எத்தனை வருஷமாச்சு?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மாதம் உங்கள் தெருவுக்குக் குடிவந்தவரிடம், பெயரைக்கூடக் கேட்காமல், சொந்த ஊர் எது என்று விசாரித்தது யார்?