சக்கைமேல் அறுபத்திரண்டு கிலோ

குமரி மாவட்டத்தில் பிறந்துவிட்டு எனக்குச் சக்கை ஆகாது என்று யாராவது சொன்னால், ஒன்று அவருக்குச் சர்க்கரை வியாதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நானாக இருக்க வேண்டும். (பலாப்பழத்தை நாங்கள் சக்கை என்போம். வெளியூர்க்காரர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.) நான் ஒரு சுளை தின்று பதினோரு வருடமாகிறது.

அப்போது எனக்கு முப்பத்துநாலு வயது. இயற்பியலில் முதுகலை, பி.எட். எல்லாம் முடித்து ஆறு வருடமாகத் தற்காலிக டீச்சர். எங்காவது ஒரு டீச்சர் பிரசவ விடுப்பில் போனால் எனக்கு வேலை வரும். அந்தப் பிள்ளை வளர வளர என் வேலை தேயும். யார் வீட்டுப் பிள்ளையோ குப்புற விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் ஊரே சந்தோஷப்படும், எனக்கு மட்டும் நெஞ்சை அடைக்கும். இப்படி நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே ஏழு பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று.

அந்த நேரத்தில்தான் ஒரு கிறிஸ்தவச் சபைப் பள்ளியில் நிரந்தர இடம் காலியானது. மூன்று பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மூவரும் கமிட்டி முன்னால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘விசையும் அழுத்தமும்’ பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இது போனால் எனக்கு வேறு வாய்ப்பு இல்லை, வீட்டு வாசலில் டியூஷன் போர்டுதான்.

மற்ற இரண்டு பேரும் ஆணியும் பலகையும் கொண்டு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் யார்! குலசேகரத்துக்காரி அல்லவா, சக்கையைக் கொண்டு போக முடிவு செய்தேன். ஒரு முள்ளின்மேல் நின்றால் மொத்த எடையும் அந்த நுனியில் இறங்கும், குத்தும். ஆயிரம் முள்மேல் நின்றால் அதே எடை பரந்து இறங்கும், ஒரு முள்ளுக்கு வரும் பங்கு குறைவு, குத்தாது. அழுத்தம் என்றால் விசையைப் பரப்பால் வகுப்பது. இதைப் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும், டீச்சர் சக்கைமேல் ஏறி நின்றால் மறக்குமா?

திங்கட்கிழமை வீட்டு மரத்திலிருந்து ஒரு காயை வெட்டி, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறிப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏட்டி, உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“பாருங்க, அறுபத்திரண்டு கிலோ! குத்தவே இல்ல!”

“உனக்குக் குத்தாது. அந்தச் சக்கைக்க கதிய நெனச்சுப் பாத்தியா?”

மனுஷன் சொன்னதில் விஷயம் இருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நடக்க வேண்டிய வகுப்பு, கமிட்டியில் ஒருவர் வீட்டில் மரணம் என்று வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போனது. நான் காயைச் சாக்குப் போட்டு மூடி, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். (சக்கையைப் பழுக்க வைக்க எங்கள் ஊரில் செய்வதும் இதையேதான். எனக்கு இது தெரியாதா? தெரியும். தோன்றவில்லை.) இன்னொரு பாவமும் செய்தேன். எங்கள் வீட்டில் இரண்டு மரம். ஒன்று வருக்கை, பழுத்தாலும் கெட்டியாக இருக்கும். மற்றது கூழன், பழுத்தால் கத்தியே வேண்டாம், கையை வைத்தாலே பிளந்து கொழகொழவென்று வரும். எந்த மரத்தில் வெட்டினேன் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை ஆட்டோக்காரர் மூக்கை உறிஞ்சினார். “டீச்சரே, சக்கை நல்லா பழுத்தாச்சு, கேட்டியளா? மணம் தூக்குது.”

“இது திங்கதுக்கில்ல அண்ணே, பாடம் எடுக்கதுக்கு” என்றேன் பெருமையாக.

முதல் பாதி அமர்க்களம். ஊசியால் பலூனைக் குத்தினேன், வெடித்தது. இன்னொரு பலூனைச் சக்கைமேல் வைத்துக் கையால் அமுக்கினேன், வெடிக்கவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். வெள்ளை ஜிப்பாவில் முன்வரிசையில் இருந்த தாளாளர், “கொள்ளாம் டீச்சரே, கொள்ளாம்!” என்றார். அங்கேயே நிறுத்தியிருந்தால் இன்றைக்கு எனக்குப் பதினோரு வருட சர்வீஸ்.

நான் செருப்பைக் கழற்றினேன்.

முதல் பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். “டீச்சர், அது கூழனாக்கும்.”

“சந்தேகமெல்லாம் கடைசியில் கேட்கலாம்” என்று அவளை உட்கார வைத்துவிட்டு வலது காலை வைத்தேன். இடது காலையும் வைத்தேன். “அழுத்தம் சமம் விசை வகுத்தல்…” என்று சொல்லி, ‘பரப்பு’க்கு வாயைத் திறப்பதற்குள் இரண்டு காலும் கணுக்கால் வரை உள்ளே போய்விட்டன. கடவுளே! நான் முன்னால் சாய்ந்தேன். கைக்கு அகப்பட்டது தாளாளரின் ஜிப்பா. அவர், நாற்காலி, நான், சக்கை எல்லாரும் ஒன்றாகத் தரைக்குப் போனோம்.

சக்கைப் பசை தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்கு: அது தண்ணீருக்குப் போகாது, சோப்புக்குப் போகாது, ஜெபத்துக்கும் போகாது. என் கை அவர் தோளை விட்டு வர மறுத்தது. எச்.எம். அம்மா அலறினார்: “ஏ பிள்ளையளே, ஓடிப்போய் எண்ண கொண்டு வாருங்க!” சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு செம்பு எண்ணெய் வந்தது. நாற்பது பிள்ளைகள் பார்க்க, நிரந்தர வேலை தர வேண்டிய மனிதரின் தோளில் நான் எண்ணெய் தேய்த்தேன்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நல்ல மனுஷன், மெதுவாகக் கேட்டார்: “மிச்சப் பாடம் உண்டுமா டீச்சரே?”

“வீட்டுப்பாடம் அய்யா” என்றேன்.

பிறகு குளியலறையில் காலைத் தேய்த்துத் தேய்த்து அழுதேன். ஆறு வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகை. கமிட்டிமேல் கோபமில்லை, சக்கைமேல்கூட இல்லை, என்மேல்தான். வேலை ஜெபின் என்ற இளைஞருக்குப் போனது. அவர் கரும்பலகையில் ஒரு ஆணி வரைந்து பாடம் நடத்தினாராம். யார்மேலும் எதுவும் விழவில்லை.

நான் டியூஷன் போர்டை மாட்டினேன். அடுத்த வருடம் ஒரு போன்.

“அக்கா, நான் ஜெபினாக்கும். தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பாடத்த சக்கை இல்லாம கேக்க மாட்டோம்னு பிள்ளைய நிக்குதுவ. எப்பிடி செய்யணும்?”

போனை வைத்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் பாழாய்ப்போன வாத்தியார் புத்தி வாயை மூட விடவில்லை. “வருக்கைதான் வேணும். வெட்டின அன்னைக்கே ஏறணும். ஒரு நாளுகூட வைக்கப்பிடாது” என்று ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய், எங்கள் வருக்கை மரத்துக் காயையே வெட்டி ஜெபின் பைக்கில் கட்டி அனுப்பினார். அறிவியல் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு. ஜெபின் சக்கைமேல் நிற்கிற படம் பேப்பரில் வந்தது.

அதை என் வீட்டுக்காரர் வெட்டியெடுத்து பிரிட்ஜில் ஒட்டினார். நான் இரண்டு தடவை கிழித்தேன். மூன்றாவதை லேமினேட் செய்துகொண்டு வந்துவிட்டார். இப்போது வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள், டியூஷன் பிள்ளைகளின் அம்மாமார் எல்லாரும் அதைப் பார்த்து, இது யாரு, உங்க தம்பியா என்று கேட்கிறார்கள். நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். அவர்தான் பதில் சொல்வார்.

“மேல நிக்கது யாரோ. கீழ இருக்கது நம்ம சக்கையாக்கும்.”