பல் டாக்டரின் சிவப்பு ரம்பம்

"மறுபடியும் மழுங்கிப்போச்சு!" என்று கூடத்திலிருந்து அலறினார் பல் டாக்டர்.

"எந்தப் பேஷண்டுக்கு?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"பேஷண்டுக்கு இல்ல, ரம்பத்துக்கு!"

பல் டாக்டருக்கு ஊரார் பல்லைவிடச் சங்கிலி ரம்பத்தின் பல்மீதுதான் காதல் அதிகம். பழைய இரும்புக் கடையில் மரம் அறுக்கும் மெஷின் ஏதாவது துருப்பிடித்துக் கிடந்தால் போதும், கைக்குழந்தையைப்போல் அணைத்துத் தூக்கி வந்துவிடுவார். துருவைத் தேய்த்து, கார்புரேட்டரைக் கழுவி, பெயிண்ட் அடித்து அலமாரியில் ஏற்றிவிட்டால், அதன்பின் அது ஒரு குச்சியைக்கூடத் தொடக் கூடாது. அது அவர் போட்ட சட்டம்.

அந்த அலமாரிக்கு ராணி, ஒரு சிவப்பு ரம்பம். பழைய மெஷின் சேகரிப்போர் சங்கத்தின் தலைவர் ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க வருகிறார். அவர் தலையசைத்தால் கண்காட்சியில் இடம். போன வருடம் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன மனிதர். இந்த முறையும் பிதுக்கினால் டாக்டருக்குச் சோறு இறங்காது.

"நேத்துதான் ஒவ்வொரு பல்லா அரம் போட்டேன். சும்மா வெச்ச மெஷின் எப்படிம்மா மழுங்கும்?"

"காத்துல ஈரமா இருக்கும்ங்க. எனக்கென்ன தெரியும்? அது கத்தினாலே எனக்குத் தலைவலி."

டாக்டர் மறுபடி அரம் போட்டார். மறுநாள் கிளினிக்கிலிருந்து வந்து பார்த்தால், மறுபடி மழுங்கல். போதாக்குறைக்கு டாங்கில் பெட்ரோலும் குறைந்திருந்தது. ஒழுகுகிறதோ என்று மிச்சத்தையும் வடித்துவிட்டுப் போனார். மாலையில் பார்த்தால் டாங்க் நிறைந்திருந்தது.

"ஊத்தினா குறையுது, வடிச்சா நிறையுது! எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகுது."

"அலமாரியைப் பூட்டி வையுங்களேன்," என்றாள் மனைவி.

நல்ல யோசனையாகப் பட்டது. பூட்டி, தொலைந்துபோகாமல் இருக்கச் சாவியை அவளிடமே கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அலமாரித் தட்டில் பொடிப்பொடியாக மரத்தூள்.

"அலமாரியை வண்டு துளைக்குது!"

பூச்சி மருந்து அடிப்பவர் ஓடி வந்தார். எங்கே தட்டிப் பார்த்தும் ஒரு ஓட்டைகூட இல்லை. இருந்தாலும் வந்ததற்கு அடித்துவிட்டுப் போனார். மருந்து பட்டு ராணியின் சிவப்புப் பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, சுரண்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்தார். மனைவிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"கிளினிக் போகலையா? பேஷண்டெல்லாம் பாவம், பல்லைப் பிடிச்சிக்கிட்டு நிப்பாங்களே."

"நிக்கட்டும். இவளுக்குத்தான் இப்ப வைத்தியம்."

ஞாயிறு காலை தலைவர் வந்துவிட்டார். குனிந்து தொட்டார். பெயிண்ட் காயவில்லை, விரலெல்லாம் சிவப்பு. பல்லைப் பார்த்தார். அரம் போட்டுப் போட்டு அது அரிசிக் குருணையாகத் தேய்ந்திருந்தது.

"என்ன டாக்டர், அலமாரியில இருந்த மெஷின் மாதிரி தெரியலையே? நல்லா உழைச்ச மெஷினா இருக்கு."

"ஐயோ சார்! நான் சரிபண்ணின நாள்லேருந்து இது ஒரு மரத்தைக்கூடத் தொட்டதில்ல! வேணும்னா என் வீட்டுக்காரியையே கேளுங்க!"

"ஆமாங்க சார்," என்றாள் மனைவி, யாருக்கும் கேட்காத குரலில்.

டாக்டரின் கண் கலங்கியிருந்தது. தலைவருக்கும் மனம் இளகிவிட்டது.

"சரி டாக்டர், உங்க வார்த்தையை நம்பறேன். கண்காட்சிக்குக் கொண்டு வாங்க."

டாக்டர் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார்.

"அக்கா! வெள்ளிக்கிழமை நீங்க பாதியில விட்ட மரம் காம்பவுண்டு சுவர் மேல சாயுது, அந்தச் சிவப்பு மெஷினைத் தூக்கிக்கிட்டு சட்டுனு வாங்க, உங்களை விட்டா இந்த ஊர்ல மரம் வெட்ட யாரு இருக்கா, அக்கா?"