சாவியோ வீட்டுச் சாமியானா

"பாட்டு வேணாம், சீரியல் லைட்டு வேணாம். வெறும் சாமியானாவும் நாற்காலியும் போதுமா?" என்று கேட்டார் சாமியானா கடைக் கோவிந்தராசு. கடைசி முளையை அடித்து முடித்திருந்தார். சுத்தியல் இன்னும் கையில் இருந்தது.

"போதும்ணா. அமைதியா நடக்கிற கூட்டம்" என்றான் சாவியோ.

கோவிந்தராசு வாசல் வழியாக உள்ளே பார்த்தார். கூடத்துக் கட்டிலில் சாவியோவின் அப்பா பிலோமின்ராஜ் மல்லாந்து படுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். பஞ்சை அழுத்திக் கடித்தபடியே இருக்க வேண்டும், பேசக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. அவருக்கோ தூங்கினால் வாய் திறந்துகொள்ளும். அதனால் ஞாயிறு பூசைக்குக் கிளம்பும் முன் அம்மா ஆன் மேரி ஒரு வெள்ளைத் துணியை அவர் மோவாய்க்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

கோவிந்தராசு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வாடகையப் பத்தி இப்பப் பேச வேணாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார்.

நல்ல மனுஷர் என்று சாவியோ நினைத்தான்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் அவனுக்கு வேலை. சூளையிலிருந்து வரும் ஜாடிகளைத் தட்டிப் பார்த்து, விரிசல் விழுந்ததை ஒதுக்க வேண்டும். சத்தம் சரியாக இருந்தாலும் அவன் இன்னொரு முறை தட்டிப் பார்ப்பான். தன்னைப் பற்றியும் அவனுக்கு அப்படித்தான் சந்தேகம். சிநேகிதர்கள் என்று யாரும் வாய்க்கவில்லை. இருந்ததெல்லாம் செல்போனில் ஒரு ஜியோகேச்சிங் குழு. ஒருவர் எங்கேயோ ஒரு சின்னப் பெட்டியை ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் வெளியிடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்து நடந்து, தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுத வேண்டும். குழுவில் எல்லோருக்கும் புனைபெயர்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

முதல் தடவையாக நேரில் கூடலாம் என்று பேச்சு வந்தபோது சாவியோ, "எங்க ஊருக்கு வாங்க" என்று எழுதிவிட்டான்.

"விருத்தாசலத்துக்கா? ஜங்ஷன்ல வண்டி மாறுறதுக்கு வேணா வரலாம்" என்று பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் பதில் எழுதினார். பலர் அதற்குச் சிரித்தார்கள். கடைசியில், இந்த ஒரு தடவை போய்ப் பார்ப்பது, சரிப்படாவிட்டால் இனி பாண்டிச்சேரியோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவாயிற்று. யாரும் வராமல் போனால் அந்தக் குழுவில் இனி எந்த முகத்தோடு இருப்பது? சாவியோவுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

குழுவினர் தேட வேண்டிய பெட்டியை முந்தின நாளே மறைத்துவிட்டான். மதில் ஓரம் வரிசையாக இருந்த, விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடிகளில் ஒன்றுக்குள்.

அவன் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஜோஸ்பின் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவில் பாதி வந்தது.

"அய்யோ, நேத்துகூட எங்கிட்ட இட்லி மாவு கேட்டாரே மனுஷன்!"

"அத்தை, அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. பல்லுதான் புடுங்குனாங்க."

"பல்லு புடுங்குனதுக்கா சாமியானா போடுவாங்க?"

சாவியோ ஒரு நாற்காலியை இழுத்து நேராக்கினான். உண்மையைச் சொல்ல முடியாது. பெட்டி இருக்கும் விஷயம் விளையாடாதவர்களுக்குத் தெரிந்தால், அடுத்த நிமிஷம் யாராவது எடுத்துப் பார்த்துவிடுவார்கள். அதுவும் ஜோஸ்பின் அத்தைக்குத் தெரிந்தால் மங்கலம்பேட்டை வரை தெரிந்த மாதிரி.

"வெயிலுக்குத்தான் அத்தை" என்றான்.

"வெயிலுக்கு!" என்று அத்தை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "புள்ளைக்குப் பித்து புடிச்சிடுச்சு. அழவும் தெரியல பாரு."

வேறு வழியில்லாமல் அவன் உள்ளே போய் அப்பாவை எழுப்பி, கையைப் பிடித்து அழைத்து வந்து, சாமியானாவுக்கு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தான். மாத்திரை மயக்கத்தில் இருந்த பிலோமின்ராஜ் உட்கார்ந்த உடனே மறுபடி தூங்கிப்போனார்.

அத்தை அவர் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். "உசுரு இருக்குது" என்றாள். அது நிம்மதியாகச் சொன்னதா, ஏமாற்றமாகச் சொன்னதா என்று அவனுக்குப் புரியவில்லை.

அத்தை சொன்னது தெருமுனைக்குப் போய்ச் சேரும்போது, "உசுரு இன்னும் இருக்குதாம், பாக்கறவங்க வந்து பாத்துக்கலாம்" என்று ஆகியிருந்தது. இன்னும் பத்துப் பேர் வந்தார்கள்.

பாட்டுப் போட்டால் இது சந்தோஷமான கூட்டம் என்று தெரியும் என்று சாவியோ யோசித்தான். கோவிந்தராசுவுக்குப் போன் செய்தான். அவர் உடனே ஸ்பீக்கரோடு வந்து, பென் டிரைவைச் செருகினார். தவக்காலத்துச் சிலுவைப் பாதைப் பாட்டு ஒன்று உருக்கமாகக் கிளம்பியது.

"உங்க கோயில் பாட்டுதான் தம்பி. தேடிப் புடிச்சிக் கொண்டாந்தேன்" என்றார்.

பெண்கள் வாய்விட்டு அழ ஆரம்பித்தார்கள்.

குழு கூட வேண்டிய பத்து மணி ஆயிற்று. குழுவிலிருந்து ஒருவரும் வரவில்லை. வந்தவர்களெல்லாம் துக்கம் கேட்க வந்தவர்கள். நல்லூரிலிருந்து ஒரு வேன் வந்தது. திட்டக்குடி பஸ்ஸில் சிலர் இறங்கி வந்தார்கள். அப்பா ஒரு காலத்தில் தொழிற்சங்கத்தில் இருந்தவர். அந்தப் பழக்கமாக இருக்கும் என்று சாவியோ நினைத்துக்கொண்டான். செய்தி இவ்வளவு தூரம் எப்படிப் போயிற்று என்பதுதான் விளங்கவில்லை.

முன்னால் வந்த பெரியவர் ஒருவர் சூழ்நிலையை ஒரு கணம் நின்று பார்த்தார். பிறகு திரும்பிப் போய், பூக்கடையிலிருந்து ஒரு ரோஜா மாலையோடு வந்தார்.

"ஐயா, யாரும் சாகலைங்க" என்று சாவியோ குறுக்கே நின்றான்.

பெரியவர் அவன் கையை அழுத்திப் பிடித்தார். "புரியுது தம்பி. ரொம்ப நல்லா ஏற்பாடு பண்ணியிருக்கீங்க. கலங்காதீங்க."

மாலை பிலோமின்ராஜின் கழுத்தில் விழுந்தது. சங்கத்து மேடைகளில் பழகிய உடம்பு. தூக்கத்திலேயே அவர் தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் கூப்பினார்.

"மாலைய ஏத்துக்கிட்டாரு!" என்று ஜோஸ்பின் அத்தை மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெளியூர்க்காரர்களின் துக்கம் ஒரு மாதிரியாக இருந்தது. ஒருவர் அப்பாவின் காலில் விழுந்து வெகுநேரம் நாற்காலிக்கு அடியிலேயே முகத்தை வைத்திருந்தார். இன்னொருவர் தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லோர் கையிலும் போன்.

"துக்க வூட்டுக்கு வந்தும் போனத்தான் பாக்குறாங்க. என்னா ஜென்மமோ" என்றாள் அத்தை.

மதில் ஓரம் ஓர் ஆள் ஜாடிகளின் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது பெட்டி வெளியே தெரிந்துவிடுமோ என்று சாவியோ அந்தப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். அத்தை அவன் விலாவில் இடித்தாள்.

"பசி போலருக்குது, பாவம். ஊறுகாய் ஜாடிய எல்லாம் தொறக்குறாரு. எதுனா குடுடா."

விருந்தாளிகளுக்கென்று வாங்கி வைத்திருந்த சமோசாவை அவன் எடுத்து வந்து கொடுத்தான். எலுமிச்சை ஜூஸும் தீர்ந்தது. எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். திட்டக்குடி பஸ்ஸில் வந்த ஒரு பெண் மட்டும் சமோசாவைத் தொடாமல், அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டி அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன வுட்டுட்டுப் போறியே ராசா!"

தெருப் பெண்களின் அழுகை சட்டென்று நின்றது.

"யாருடா அது?" என்று அத்தை கேட்டாள்.

"தெரியலத்தை."

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

அந்த நேரத்தில்தான் ஆன் மேரி பூசை முடிந்து, கையில் ஜெபப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றாள். சாமியானாவைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். புருஷன் குறட்டை விடுவதையும் பார்த்தாள். கடைசியாக, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுத பெண்ணைப் பார்த்தாள்.

"நீ யாரு?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

அந்தப் பெண் சுற்றியிருந்த தெருப் பெண்களைப் பார்த்துத் தயங்கினாள். "அக்கா, இவங்கள்லாம் போகட்டும். தனியா சொல்றேன்."

"ஏன், நாங்க கேட்டா ஆகாதா?" என்று அத்தை நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள்.

ஆன் மேரி புருஷனின் தலையிலிருந்த முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். "எழுந்திரிங்க. யாரு இவ?"

பிலோமின்ராஜ் கண்ணைத் திறந்தார். மனைவியையும் பக்கத்திலிருந்த பெண்ணையும் கழுத்து மாலையையும் மாறி மாறிப் பார்த்தார். வாயிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

"சத்தியமா தெரியாது மேரி!"

"எல்லா ஆம்பளையும் இதத்தான் சொல்றான்" என்றாள் அத்தை.

"ஜோஸ்பின், எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளியில போ" என்றாள் ஆன் மேரி. தெரு எழுந்து, கேட்டைத் தாண்டிப் போய், காது கேட்கும் தூரத்தில் நின்றது. வெளியூர்க்காரர்கள் மட்டும் நகரவில்லை.

சாவியோ ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். கூட்டமும் போயிற்று, குடும்பமும் போகப்போகிறது. போனை எடுத்துக் குழுவுக்கு எழுத ஆரம்பித்தான்: "மன்னிக்கவும். யாரும் வரவில்லை. இனி நான் இந்தக் குழுவில்..." அடுத்த வார்த்தை எழுதவில்லை. தான் செய்ததில் எது முதல் தப்பு என்று வரிசையாக யோசித்துப் பார்த்தான். எல்லாமே முதல் தப்பாகத் தெரிந்தது.

அழுத பெண் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தாள்.

"நான்தாங்க குழுவுல காட்டுப்பூனை. பெட்டி மூணாவது ஜாடியில இருந்துச்சு, நாங்க எல்லாருமே பேரு எழுதிட்டோம். ஊர்க்காரங்களுக்குச் சந்தேகமே வராம சாவு வூட்டையே செட்டு போட்டு வெச்சிருக்கீங்களே, அடுத்த வருஷமும் இங்கதான்னு பாண்டிச்சேரிக்காரரே சொல்லிட்டாரு, ஆனா அப்பாவையும் அம்மாவையும் இவ்ளோ நேரம் நடிக்க வெக்காதீங்க தம்பி, பாவம்!"