வேணாம் நானா விற்ற அலுமாரி

கடைக்கு வந்தவரைப் பொருள் வாங்க விடாமல் விரட்டியே கடையை வளர்த்த வியாபாரி உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் ஹட்டன் கடைவீதியில் மரச்சாமான் கடை வைத்திருந்த வேணாம் நானா. முஸ்லிம் பெரியவர்களை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம்; சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கடைப் பலகையில் எழுதியிருந்திருக்கும். அதை மறைத்துக்கொண்டு எப்போதும் ஒரு கட்டில் நிமிர்ந்து நிற்கும்.

ஐம்பதுகளின் கடைசியில் அவரிடம் சமையலறை அலுமாரி மூன்று தரத்தில் கிடைத்தது. முதல் தரம் தேக்கு. கண்ணாடிக் கதவு, பித்தளைக் கைப்பிடி. இரண்டாம் தரம், தேயிலைக்கு நிழலுக்கு வளர்க்கும் சவுக்கு மரம், கம்பிவலைக் கதவு. மூன்றாம் தரம், பழைய தேயிலைப் பெட்டிகளைப் பிரித்தெடுத்த பலகையில் செய்தது. யார் வந்து எதைத் தொட்டாலும் நானாவின் முதல் வார்த்தை “வேணாம்” என்பதுதான்.

ஒருநாள் ஒரு தோட்டத்துக் கங்காணி மகள் கல்யாணத்துக்கென்று தேக்கு அலுமாரியைத் தடவிக்கொண்டு நின்றார்.

“வேணாம் கங்காணி. புள்ள எந்த வீட்டுக்குப் போகுது?”

“லயத்து வீடுதான். ஏன் கேக்குறீங்க?”

“அந்த ஒத்தை அறை லயத்துக் கதவுக்குள்ள இது நொழையாது. வாசல்லதான் நிக்கும். ஒரே மாசத்துல சம்பந்தி வீட்டுக் கோழி அதுக்குள்ள முட்டை போடும், பாத்துக்கிட்டே இருங்க.”

கங்காணி முறைத்துக்கொண்டு போனார். மறு வாரம் வந்து சவுக்கு அலுமாரியை வாங்கிப் போனார்.

இன்னொரு முறை ஒரு தொரைசாணி, வெள்ளைக்காரத் துரையின் மனைவி, காரில் வந்து இறங்கினார். கடைவீதியே எட்டிப் பார்த்தது. நானா நாற்காலியை விட்டு எழவில்லை. “பங்களாவுல சமைக்கிறது யாருன்னு கேளுங்க” என்று டிரைவரிடம் சொன்னார். சமையல்காரர் என்று பதில் வந்தது. “அப்ப அவர அனுப்பச் சொல்லுங்க. இந்தம்மா கைக்கு எட்டுனா என்ன, எட்டாட்டி என்ன?” டிரைவர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, மறுநாள் சமையல்காரர் வந்துவிட்டார். அவரைக் கையை உயர்த்தச் சொல்லி, அந்த உயரத்துக்கு அளவெடுத்தார் நானா.

இந்த மனிதரிடம்தான் நானும் மாட்டினேன்.

நான் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் சின்னக் கிளாக்கரானவன். என் மனைவி சரசு, பூண்டுலோயாவில் ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகள். லயத்துப் பையனுக்குப் பெண் கொடுப்பதா என்று குதித்த மாமனார், கல்யாணத்துக்கு வந்து, கை நனைக்காமல் போனவர். எட்டு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை வந்து மகளைப் பார்த்துப் போவதாகக் கடிதம் போட்டார். ‘சாப்பிட இருக்கமாட்டேன்’ என்பதற்கு மட்டும் அடிக்கோடு. சரசு கடிதத்தை மடித்துவிட்டு அழுதாள். அப்பா தன் வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். தேக்கு அலுமாரியைப் பார்த்தால் மனிதர் அசந்துபோய் உட்கார்ந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். விலை என் இரண்டு மாதச் சம்பளம். முட்டாள்தனம்தான்.

“வேணாம் தம்பி” என்றார் நானா. “வீட்டுல தட்டு எத்தனை?”

“மூணு.”

“மூணு தட்டுக்குத் தேக்கா? தொறந்தா எதிரொலி கேக்கும்.”

மாமனார் கதையைச் சொல்லிக் கெஞ்சினேன். பிறகு கத்தினேன். கடைசியில் மூன்றாம் தர அலுமாரியோடு வீடு திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை வந்து கதவு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பதாகவும் நானா சொல்லி அனுப்பினார். விற்ற அலுமாரியை வீடு தேடி வந்து பார்ப்பது அவர் வழக்கம்.

ஞாயிறன்று மாமனார் கோட்டும் குடையுமாக வந்தார். என்னை ‘மிஸ்டர்’ என்று கூப்பிட்டார். சற்று நேரத்தில் நானாவும் வந்துவிட்டார். சரசு தேத்தண்ணி நீட்டினாள். “வேணாம் புள்ள” என்றார். அவர் வேறு என்ன சொல்வார்? நேரே சமையலறைக்குப் போய் அலுமாரியைத் திறந்து மூடிப் பார்த்தார். மாமனாரும் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்.

அலுமாரிக்குள், முதுகுப் பலகையில், கறுப்பு மையில் ஒரு தோட்டத்தின் பெயர். மாமனாரின் தோட்டம்.

“மிஸ்டர், இது எங்க தோட்டத்துப் பெட்டி. இங்க எப்படி வந்துச்சு? ஸ்டோருல யாரைப் புடிச்சீங்க?”

ஸ்டோரு என்றால் தேயிலைத் தொழிற்சாலை. அங்கிருந்து ஒரு பெட்டி திருடுபோனதென்று பேச்சு வந்தாலே வேலை போகும்.

நானாதான் பேசினார். “பெரிய கிளாக்கரையா, போன வருஷம் ஒங்க ஸ்டோருல ஒடஞ்ச பெட்டியெல்லாம் கழிச்சு வித்தீங்களே, ஒரு லொறி. வாங்குனது நான். வித்த துண்டுச்சீட்டுல கையெழுத்துப் போட்டது யாரு?”

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நானா அலுமாரியிலிருந்த மூன்று தட்டையும் எடுத்துத் தரையில் வைத்தார். ஒன்றின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். “பசிக்குது புள்ள, சோறு போடு. ஐயா, உக்காருங்க. நான் ஒரு ஆளு தனியா எப்புடிச் சாப்புடுறது?”

மருமகனைத் திருடன் என்று சொல்லிவிட்டு, அது பொய்யென்றும் ஆகிவிட்ட மனிதர் வேறு என்ன செய்வார்? உட்கார்ந்தார். சரசு பரிமாறினாள். முதல் வாய் போனது. இரண்டாவதும் போனது. கத்தரிக்காய்க் குழம்பை இன்னொரு கரண்டி கேட்டவர், தலை நிமிராமலே, “மாப்பிள்ளை, நீங்களும் உக்காருங்க” என்றார்.

அந்த நேரம் பார்த்து நானா எழுந்துவிட்டார். “பஸ்ஸு சத்தம் கேக்குது. நான் வாறேன்.” அவர் தட்டில் ஒரு பருக்கைகூடக் குறையவில்லை. கேட்டு வாங்கிவிட்டு இப்படியா செய்வது என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

மாமனார் புறப்பட்டுப் போன பிறகு அந்தத் தட்டை எடுக்கக் குனிந்த சரசு, அப்படியே நின்றாள்.

“ஏங்க, இது நோன்பு மாசம்ங்க.”

விடியுமுன் சாப்பிட்டு, அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர், சுடுசோற்றின் முன்னால் அத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறார். பசிக்குது என்று அவர் சொன்னது நிஜமாகத்தான் இருந்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கச் சற்று நேரம் ஆகிறது.